மின் வாகனமும் நெருப்புக் காப்புறுதியும்

திருகோணமலைத் துறைமுகம் நெருப்பை நன்கு அறிந்த துறைமுகம். 1942ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 9ஆம் நாள் யப்பானிய விமானங்கள் இத்துறைமுகத்தைத் தாக்கின. சீனன்குடாப் பகுதியில் பிரித்தானியர் அமைத்திருந்த பெரும் எண்ணெய்த் தாங்கிகளுள் ஒன்றின்மேல் விமானமொன்று வந்து வீழ்ந்தது. அத்தாங்கி ஏழு நாட்கள் எரிந்ததென்று முதியோர் கூறுவர். துறைமுகத்தில் நின்ற சகாயிங் என்னும் கப்பலும் அன்று தீக்கிரையாயிற்று. எரிந்தது எண்ணெய், மூட்டியது பகைவனின் விமானம். இவ்வாறு நெருப்பு எப்பொழுதும் வெளியிலிருந்து வருவது, எண்ணெயைத் தேடி வருவது என்ற எண்ணம் இம்மாவட்டத்து மக்கள் மனத்தில் வேரூன்றியிருப்பதில் வியப்பில்லை.

ஆனால் காலம் மாறிவருகின்றது. 2022ஆம் ஆண்டில் பெற்றோலுக்காக நாட்கணக்கில் வரிசையில் நின்ற அனுபவம் பலரை மின்சாரத்தால் ஓடும் வாகனங்களின் பக்கம் திருப்பியது. 2020ஆம் ஆண்டு நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களைப் பொறுத்தவரை 2025ஆம் ஆண்டு பெப்ரவரியில் மீண்டும் தொடங்கியது. அதே ஆண்டு ஏப்ரலில் துறைமுகத்தின் தென்கரையிலுள்ள சம்பூரில் 120 மெகாவாற் சூரிய மின் நிலையத்துக்கான தொடக்க விழா நடந்தது. கப்பல்களுக்கு எண்ணெய் சேர்த்து வைத்த கரையிலே இனி வெயிலிலிருந்து மின்சாரம் பிறக்கவிருக்கின்றது. இச்சூழலில் மின் ஸ்கூட்டரோ மின்காரோ வாங்க எண்ணும் குடும்பத்தவர் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: இது தீப்பற்றினால் காப்புறுதிக் கம்பனி பணம் தருமா?

தரும் என்றோ தராது என்றோ ஒரு சொல்லில் விடை கூறிவிட முடியாது. எந்தப் பத்திரம், எந்தப் பொருளுக்கு, எந்தக் காரணத்தால் எழுந்த தீ என்ற மூன்றும் தெரிந்தாலன்றி விடை கிடைக்காது. ஏனெனில், மின் வாகனத்தில் எழும் தீ பெரும்பாலும் உள்ளிருந்தே எழுகின்றது. காப்புறுதியோ வெளியிலிருந்து வரும் தீயை மனத்திற் கொண்டு வளர்ந்த ஏற்பாடு. இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள வேறுபாட்டை அறிந்துகொள்வதே இங்கு முதன்மையானது.

முதலில் இத்தீ எவ்வாறு எழுகின்றது என்பதைப் பார்ப்போம். மின் வாகனத்தின் உயிர் அதன் பற்றரியாகும். நூற்றுக்கணக்கான, சில வாகனங்களில் ஆயிரக்கணக்கான, சிறு லிதியம் மின்கலங்கள் அதனுள் அடுக்கப்பட்டுள்ளன. ஒவ்வொரு கலத்தினுள்ளும் இரு முனைகளைப் பிரித்து நிற்பது மெல்லியதொரு திரை. அதைச் சூழ்ந்திருப்பது எளிதில் எரியக்கூடிய திரவம். உற்பத்திக் குறையாலோ, அளவுக்கு மிஞ்சிய மின்னேற்றத்தாலோ, அடிபட்டதாலோ, நீர் புகுந்ததாலோ அத்திரை பழுதுற்றால், கலத்தினுள் வெப்பம் மூளுகின்றது. அவ்வெப்பம் மேலும் வெப்பத்தை உண்டாக்கி, அடுத்த கலத்துக்குத் தாவுகின்றது. நச்சுப் புகையும் வெளிப்படுகின்றது. தீ அடங்கிற்று என்று எண்ணியபின், சில மணிநேரம் கழித்தோ சில நாட்கள் கழித்தோ மீண்டும் மூளுவதும் உண்டு. ஆகவேதான் தீயணைப்போர் பெருமளவு நீரை ஊற்றி நெடுநேரம் குளிர்விக்கின்றனர்.

இதைக் கேட்டு அஞ்சுவதற்கும் அளவு வேண்டும். சுவீடன் நாட்டு அரச நிறுவனமொன்றின் கணக்கின்படி, 2022ஆம் ஆண்டில் அங்கு ஏறத்தாழ 6,11,000 மின் வாகனங்களுள் 23 தீப்பற்றின. பெற்றோல், டீசல் வாகனங்கள் 44 இலட்சத்துள் ஏறத்தாழ 3,400 தீப்பற்றின. எனவே மின் வாகனம் அடிக்கடி எரிவதன்று. எரியும்பொழுது அடக்குவதற்கு அரியது என்பதே உண்மை. அதிலும் வீட்டுக்குள் எரியுமாயின் விளைவு கொடியது. 2022ஆம் ஆண்டு மார்ச்சு மாத இறுதியில் தமிழ்நாட்டின் வேலூரில், இரவில் வீட்டில் மின்னேற்றத்துக்கு வைத்திருந்த புதிய மின் ஸ்கூட்டர் ஒன்று தீப்பற்றியது. புகையில் மூச்சடைத்துத் தந்தையும் பதின்மூன்று வயது மகளும் இறந்தனர். அதே ஆண்டு செப்டெம்பரில் செகந்திராபாத்தில், விடுதியொன்றின் கீழ்த்தளத்தில் இயங்கிய மின் ஸ்கூட்டர் விற்பனை நிலையத்திலிருந்து எழுந்த தீயில் எட்டுப்பேர் மாண்டனர். இவற்றையடுத்து இந்திய அரசு பற்றரிக்கான பாதுகாப்பு விதிகளைக் கடுமையாக்கி, 2022 டிசம்பர், 2023 மார்ச்சு என இரு கட்டங்களில் நடைமுறைப்படுத்திற்று.

இனிக் காப்புறுதிக்கு வருவோம். 1666ஆம் ஆண்டு இலண்டன் மாநகரில் மூண்ட பெருந்தீ 13,000க்கு மேற்பட்ட வீடுகளை அழித்தது. அதன் பின்னரே, 1680ஆம் ஆண்டையொட்டி, நிக்கொலஸ் பார்பன் என்பவர் அந்நகரில் வீடுகளுக்குத் தீக் காப்புறுதி அளிக்கும் அலுவலகத்தைத் தொடங்கினார். அயல்வீட்டுத் தீ தன் வீட்டுக்குத் தாவுவதே அன்றைய அச்சம். கடல் வணிகரின் வழக்கமோ இன்னும் பழையது. புயல், கடற்கொள்ளை, தீ முதலியவற்றால் வரும் நட்டத்தை அவர்கள் பகிர்ந்துகொண்டனர். எனினும் ஒரு பொருள் தன் இயல்பினாலேயே கெட்டால் அந்நட்டத்தை அவர்கள் ஏற்கவில்லை. ஈரமான நிலையில் கப்பலில் ஏற்றப்பட்ட சணல், தன்னுள்ளே புழுங்கிச் சூடேறித் தானே பற்றிக்கொள்ளுமாயின், அதன் உடைமையாளர் இழப்பீடு கேட்க முடியாது என்பது கடற்காப்புறுதியின் பழைய கொள்கை. பத்திரம் வேறுவகையாகக் கூறினாலன்றி, பொருளில் உள்ளுறைந்த குற்றத்துக்குக் காப்புறுதியாளர் பொறுப்பல்லர் என்று 1906ஆம் ஆண்டின் ஆங்கிலக் கடற்காப்புறுதிச் சட்டமும் வகுத்தது. தானே பற்றும் பற்றரி, அந்த ஈரச் சணலின் இக்கால உறவினன் எனலாம்.

நல்லவேளையாக, மோட்டார் வாகனக் காப்புறுதி இவ்விடயத்தில் சற்றுத் தாராளமாக நடந்துகொண்டது. இலங்கையில் எல்லாக் கம்பனிகளுக்கும் ஒரே வாசகம் இல்லை. ஆகவே, இந்தியாவில் கம்பனிகளுக்குப் பொதுவாக வகுக்கப்பட்ட வாசகத்தை அளவுகோலாகக் கொள்ளலாம். வாகனத்துக்கு நேரும் சேதத்தை ஈடுசெய்யும் பகுதியில் தீ, வெடிப்பு, தானே பற்றுதல், மின்னல் ஆகிய நான்கும் அதில் முதலிலேயே எண்ணப்பட்டுள்ளன. தானே பற்றுதல் என்ற சொல் இருப்பதால், உள்ளிருந்து எழுந்த தீ என்ற காரணத்தை மட்டும் காட்டிக் கம்பனி விலகிவிட முடியாது. ஆனால் அதே பத்திரம் தேய்மானம், இயந்திரக் கோளாறு, மின்சாரக் கோளாறு ஆகியவற்றை விலக்குகின்றது. பற்றரி எரியாமல் வெறுமனே செயலிழந்துபோனால் அது கோளாறு. உற்பத்தியாளரின் உத்தரவாதத்தையே நாடவேண்டும். தீ எழுந்து வாகனம் எரிந்தால் அது தீ, காப்புறுதியை நாடலாம். வாங்குவோர் தம் பத்திரத்தில் முதலில் தேடவேண்டியது, தானே பற்றுதல் பற்றி அது என்ன கூறுகின்றது என்பதேயாகும்.

அதற்கும் முன்னால் பத்திரம் எந்த வகையைச் சேர்ந்தது என்று பார்த்தல் வேண்டும். 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டப்படி வீதியில் ஓடும் வாகனத்துக்குக் கட்டாயமானது மூன்றாந்தரப்புக் காப்புறுதி மட்டுமே. அது பிறருக்கு நேரும் தீங்குக்கு உடைமையாளர் சட்டப்படி பொறுப்பாகும்போது அப்பொறுப்பைத் தாங்குவது. எரிந்துபோன சொந்த வாகனத்துக்கு அதிலிருந்து ஒரு சதமும் வராது. முழுக் காப்புறுதி என வழங்கும் பத்திரமே சொந்த வாகனத்தைக் காக்கும். இந்தியாவில் மிகக் குறைந்த வேகத்தில் ஓடும் மின் ஸ்கூட்டர்களுக்குப் பதிவே தேவையில்லை. அதனால் அவற்றுட் பல எவ்வகைக் காப்புறுதியுமின்றியே ஓடுகின்றன. விலை குறைவென்று வாங்கும் வாகனத்தின் தீ, விலை குறைவாக எரிவதில்லை.

அடுத்தது, பலரும் எண்ணிப்பாராத ஒரு பிரிவு. கிண்ணியாவிலிருந்து நாளும் துறைமுகத்துக்கு வேலைக்குச் செல்லும் ஒருவரை எண்ணிக்கொள்வோம். இரவில் தம் வீட்டு விறாந்தையில் ஸ்கூட்டரை மின்னேற்றத்துக்கு வைக்கின்றார். அது தீப்பற்றி, வீட்டுக் கூரையும் தளபாடங்களும் எரிந்துவிடுகின்றன. ஸ்கூட்டருக்கு முழுக் காப்புறுதி உண்டு. ஆயினும் அது ஸ்கூட்டருக்கு மட்டுமே பணம் தரும். அவருடைய வீட்டுக்குத் தராது. வீட்டுக்கென எடுத்த தீக் காப்புறுதி இருந்தால் அது வீட்டுக்குத் தரும், ஸ்கூட்டருக்குத் தராது. மேலும், இந்தியாவின் பொதுத் தீக் காப்புறுதிப் பத்திரம், மின் கருவியொன்று தன்னுள் ஏற்பட்ட குறுக்குச்சுற்றால் எரிந்தால் அக்கருவியை விலக்குகின்றது. அதிலிருந்து பரவிய தீயால் அழிந்த மற்றப் பொருட்களை விலக்குவதில்லை. எனவே ஒரே நெருப்புக்கு இரு பத்திரங்கள் தேவைப்படுகின்றன. ஒன்றை மட்டும் வைத்திருப்பவர் பாதிக் குடையின்கீழ் நிற்பவர்.

இதில் இன்னும் நுட்பமானதொரு நிலை உண்டு. சில ஸ்கூட்டர்களின் பற்றரியைத் தனியே கழற்றி வீட்டுக்குள் கொண்டுசென்று மின்னேற்றலாம். மேற்கூறிய இந்திய வாசகம், வாகனத்தையும் அதன்மேல் பொருந்தியிருக்கும்போது அதன் உபகரணங்களையும் காக்கின்றது. கழற்றிச் சமையலறையில் வைத்த பற்றரி வாகனத்தின் மேல் உள்ளதா என்று கேட்டால் வாதம் எழும். இதற்கென மேலதிகக் காப்பு உண்டா என்பதைப் பத்திரம் எடுக்கும் நாளிலேயே கேட்டு, விடையை எழுத்தில் பெறுதல் நன்று. வாயால் சொன்ன உறுதி, வழக்கு மன்றத்தில் காற்றோடு போய்விடும்.

காரணம் என்ற மூன்றாவது கேள்விக்கு ஒரு கப்பலின் கதை விளக்கம் தரும். 1915ஆம் ஆண்டு சனவரி மாத இறுதியில் இக்காரியா என்னும் ஆங்கிலக் கப்பல் பிரான்சுக் கரைக்கு அருகே எதிரியின் நீர்மூழ்கிக் குண்டால் தாக்குண்டது. மூழ்காமல் ஆவ்ர் துறைமுகத்தை அடைந்தது. அங்கே புயல் வீசியதால் வெளி அணைக்கருகில் கட்டப்பட்டு, வற்றுப்பெருக்கில் ஏறியிறங்கித் தரைதட்டிச் சில நாட்களில் மூழ்கிற்று. அதன் பத்திரம் கடலின் ஆபத்துகளைக் காத்தது. போரின் விளைவுகளை விலக்கியது. கப்பலை மூழ்கடித்தது புயலா, குண்டா? 1918ஆம் ஆண்டு பிரபுக்கள் சபை தீர்ப்பளித்தது: காலத்தால் அண்மையிலுள்ளது அன்று, வலிமையால் தலைமையானதே உண்மையான காரணம், குண்டு விளைத்த ஆபத்திலிருந்து அக்கப்பல் ஒருபோதும் மீளவில்லை. கப்பலுக்குரியோர்க்கு இழப்பீடு கிடைக்கவில்லை.

இக்கொள்கை மின் வாகனத்துக்கு இருமுனைக் கத்தி. திங்கட்கிழமை கல்லில் மோதி அடிப்பக்கம் நசுங்கிய பற்றரி, வியாழக்கிழமை இரவில் பற்றியெரியலாம். அப்பொழுது விபத்தே தலைமைக் காரணம் என்று உடைமையாளர் வாதிடலாம். ஆனால் திங்கட்கிழமை மோதலை அவர் எவருக்கும் அறிவிக்கவில்லையெனில், அதை எதைக்கொண்டு மெய்ப்பிப்பார்? பழுதுற்ற வாகனத்தை அசட்டையாக வைத்திருந்தார் என்று அதே மோதலைக் கம்பனி அவருக்கெதிராகவும் காட்டலாம். ஆகவே அடிப்பக்கத்தில் பட்ட அடி சிறிதாயினும் வாகனத்தைப் பரிசோதிப்பித்து, பற்றுச்சீட்டை வைத்திருத்தல் வேண்டும். இலங்கையில் கலகம், வேலைநிறுத்தம், பயங்கரவாதம் ஆகியவற்றால் வரும் சேதத்துக்குத் தேசிய காப்புறுதி நம்பிக்கை நிதியத்தின்வழித் தனிக்காப்பு உண்டு. 2022ஆம் ஆண்டு மே மாதக் கலவரத்தில் வாகனங்கள் பல கொளுத்தப்பட்டன. எரிந்த வாகனம் ஒன்றுபோல் தோன்றினும், மூட்டிய காரணம் வேறாயின் பணம் வரும் வழியும் வேறாகும்.

காரணத்தை ஊகத்தால் முடிவுசெய்தலும் தவறு. 2023ஆம் ஆண்டு யூலை மாதம் நெதர்லாந்துக் கரைக்கப்பால் ஃபிரிமாண்டில் ஹைவே என்னும் வாகனக் கப்பல் தீப்பற்றியது. அதில் 3,784 வாகனங்கள் இருந்தன. அவற்றுள் 498 மின் வாகனங்கள். இந்திய மாலுமி ஒருவர் உயிரிழந்தார். மின்கார்தான் காரணம் என்று பேச்சு உடனே பரவிற்று. கப்பல் துறைமுகத்துக்கு இழுத்துவரப்பட்ட பின்னரோ, கீழ்த்தளங்களில் ஏறத்தாழ 1,000 வாகனங்கள் எரியாமல் இருந்ததும், மின்கார்கள் பல அவற்றுட் சேர்ந்திருந்ததும் தெரியவந்தன. தீ, சான்றையும் சேர்த்து எரித்துவிடும் பகைவன். ஆதலால் வாகனம் எரிந்தவுடன் அதை அப்புறப்படுத்தவோ பழைய இரும்புக்கு விற்கவோ கூடாது. ஆபத்தில்லாத தூரத்திலிருந்து படம் எடுத்துக்கொள்ளுதல், பொலிசில் முறைப்பாடு பதிதல், கம்பனிக்குத் தாமதமின்றி அறிவித்தல், மதிப்பீட்டாளர் வரும்வரை எச்சத்தை மற்ற வாகனங்களிலிருந்து விலக்கிக் காத்தல் ஆகியன முறையான செயல்கள்.

எவ்வளவு பணம் வரும் என்பதும் அறியத்தக்கது. காப்புறுதி இழந்ததை ஈடுசெய்யுமேயன்றி இலாபம் தராது. வாகனம் முற்றாக எரிந்தால், அன்றைய மதிப்பு அல்லது பத்திரத்தில் கண்ட தொகை என்ற எல்லைக்குள்ளேயே பணம் கிடைக்கும். இந்திய முறைப்படி இரண்டாண்டு கடந்து மூன்றாண்டுக்குட்பட்ட வாகனத்தின் மதிப்பில் 30 வீதம் குறைக்கப்படும். பகுதிச் சேதமாயின் பற்றரிக்கு 50 வீதம் கழிக்கப்படும். அவ்விதி எழுந்தபொழுது பற்றரி என்பது சிறிய ஈயப் பெட்டி. இன்றோ அது வாகன விலையில் மூன்றிலொரு பங்குவரை பெறுமதியுடையது. எனவே தேய்மானக் கழிவை நீக்கும் மேலதிகக் காப்பு மின் வாகனத்துக்கு மிகவும் வேண்டப்படுவது. லீசிங் முறையில் வாங்கிய வாகனமாயின் இழப்பீடு முதலில் லீசிங் கம்பனிக்கே செல்லும். கடன் மிச்சமிருந்தால் எரிந்துபோன வாகனத்துக்கு மாதந்தோறும் பணம் கட்டும் துயரமும் நேரலாம். பத்திரத் தொகையை ஆண்டுதோறும் சந்தை விலையோடு ஒப்பிட்டுத் திருத்துவோர்க்கு இத்துயரம் குறையும்.

காப்புறுதி ஒப்பந்தம் முழு நேர்மையின்மீது நிற்பது. பற்றரியை மாற்றியிருந்தாலும், பெற்றோல் முச்சக்கர வண்டியை மின் வண்டியாக்கியிருந்தாலும், வாகனத்தை வாடகைக்கு ஓட்டினாலும் கம்பனிக்கு உண்மையைக் கூறவேண்டும். மறைத்தது பின்னர் தெரிந்தால் பத்திரமே பயனற்றுப் போகலாம். தகுந்த கவனத்துடன் நடத்தலும் உடைமையாளர் கடமை. உற்பத்தியாளர் தந்த மின்னேற்றியையே பயன்படுத்துதல், ஓடி வந்த சூடு ஆறியபின் மின்னேற்றுதல், வாசலையோ படிக்கட்டையோ மறிக்குமிடத்தில் வைக்காதிருத்தல், எல்லாரும் உறங்கும் வேளையில் வீட்டுக்குள் மின்னேற்றாதிருத்தல் என்பன பணத்தை மட்டுமன்றி உயிரையும் காப்பன.

கரையோர மக்கள் மற்றொன்றையும் நினைவிற் கொள்ளவேண்டும். 2022ஆம் ஆண்டு அமெரிக்காவின் புளோரிடாவில் இயன் என்னும் சூறாவளியால் கடல்நீரில் மூழ்கிய மின்கார்கள் சில, நீர் வடிந்த பின்னர் தீப்பற்றின. உப்புநீர் மின்சாரத்தைக் கடத்தும்; உலோகத்தை அரிக்கும். 1964ஆம் ஆண்டின் சூறாவளியையும் 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலையையும் கண்ட திருகோணமலைக்கு இது தொலைதூரச் செய்தியன்று. வெள்ளம், புயல் ஆகியவற்றுக்கான காப்பு பத்திரத்தில் உண்டா என்று பார்த்துக்கொள்ளவேண்டும். கடல்நீரில் நனைந்த வாகனத்தை இயக்கவோ மின்னேற்றவோ கூடாது. வீட்டிலிருந்து தள்ளி வெளியிடத்தில் நிறுத்தி, வல்லுநரை அழைத்தல் வேண்டும்.

கம்பனி மறுத்துவிட்டால் அதுவே இறுதி என்று சோர்ந்துவிடத் தேவையில்லை. மறுப்புக்குரிய காரணத்தை, பத்திரத்தின் எந்த வாசகத்தின்படி என்பதோடு, எழுத்தில் கேட்கலாம். அதன் பின்னரும் நியாயம் கிடைக்கவில்லையெனில் காப்புறுதிக் குறைகேள் அதிகாரியை நாடலாம். 2000ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் இயங்கும் இலங்கைக் காப்புறுதி ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவிடமும் முறையிடலாம். நீதிமன்றத்தின் கதவும் திறந்தே இருக்கும். பணம் தந்த கம்பனி, உடைமையாளரின் இடத்தில் நின்று குறையுள்ள பற்றரியை விற்றவரிடம் அத்தொகையை மீட்க முயலலாம் என்பதும் காப்புறுதியின் ஒரு விதியாகும். அதனால் உற்பத்தியாளர் தந்த தாள்களையும் விற்பனைச் சீட்டையும் பற்றரியின் தொடரிலக்கத்தையும் வீட்டுக்கு வெளியே, உறவினரிடமோ வங்கியிலோ, ஒரு படி வைத்திருத்தல் அறிவுடைமை. வீட்டுக்குள் வைத்த தாள் வீட்டோடு எரியும்.

சீனன்குடாவில் 1942ஆம் ஆண்டு எரிந்த எண்ணெயின் புகையை ஊரே கண்டது. பகைவனின் வரவையும் கண்டது. விறாந்தையில் நிற்கும் சிறு ஸ்கூட்டருக்குள் மூளும் வெப்பத்தை எவரும் காண்பதில்லை. அது பெரும்பாலும் ஒருபோதும் மூளாமலே போகும். மூளுமாயின், அவ்விரவில் குடும்பத்தைக் காப்பது விலகி நிற்கும் வாசலும் விழித்திருக்கும் கண்ணுமே. மறுநாட் காலையில் அக்குடும்பத்தைத் தாங்குவது பத்திரத்தில் எழுதப்பட்ட சில சொற்கள். வீடு பற்றியெரியும்போது கிணறு வெட்டுவதில் பயனில்லை என்பர். அச்சொற்களையும், கையொப்பமிடும் நாளிலேயே, விளக்கடியில் அமர்ந்து நிதானமாக வாசித்துவிடுதல் நலம்.